பான்ஃப் காட்டின் பற்று வரவு

2017 பிப்ரவரியில் கனடாவின் எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவிலிருந்து 16 பைசன் காட்டெருதுகள் புறப்பட்டன. சரக்குக் கப்பலில் ஏற்றும் இரும்புப் பெட்டிகளில் அவற்றை அடைத்து, சுமார் 400 கி.மீ. லாரியில் கொண்டுவந்தார்கள். சாலை முடிந்த இடத்தில் பெட்டிகளை ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கி, பான்ஃப் தேசியப் பூங்காவின் பேந்தர் பள்ளத்தாக்கில் இறக்கினார்கள். ஐந்தாண்டுத் திட்டத்துக்கு ஒதுக்கிய பணம் 64 லட்சம் கனடிய டாலர். 16ஆல் வகுத்தால் தலைக்கு 4 லட்சம்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே இனம் இதே மலைக்குத் தன் காலால் நடந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அப்போது செலவு பூஜ்யம்.

இந்தக் கட்டுரை அந்தப் பூஜ்யத்துக்கும் நான்கு லட்சத்துக்கும் நடுவில் உள்ள கணக்கு. கனடாவின் ராக்கி மலைத்தொடரில் தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கும் நான்கு தேசியப் பூங்காக்களை எடுத்துக்கொண்டு, காடு அறுந்தால் என்ன நட்டம், மறுபடி கோர்க்க என்ன விலை என்று பேரேட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

கைமுதல்: எவ்வளவு நிலம்?

நான்கு பூங்காக்களும் அவை தொடங்கிய ஆண்டும் பரப்பும் இவை:

- பான்ஃப், 1885: 6,641 சதுர கி.மீ.
- யோஹோ, 1886: 1,313 சதுர கி.மீ.
- ஜாஸ்பர், 1907: சுமார் 11,000 சதுர கி.மீ.
- கூட்னி, 1920: 1,406 சதுர கி.மீ.

கூட்டினால் 20,000 சதுர கி.மீ.க்குச் சற்று மேல், அதாவது கேரள மாநிலத்தில் பாதி. 1984இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. 1990இல் பக்கத்திலிருந்த மூன்று மாகாணப் பூங்காக்களும் சேர, மொத்தம் 23,000 சதுர கி.மீ.யைத் தாண்டியது.

இந்தக் கைமுதல் ஒரே நாளில் வந்ததல்ல, ஒரே சீராக வளர்ந்ததும் அல்ல. பான்ஃபின் கணக்கை மட்டும் பாருங்கள். 1885இல் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி ஒதுக்கிய இடம் 26 சதுர கி.மீ. இரண்டே ஆண்டில் அது 673 ஆனது. 1902இல் 11,400க்கு எகிறியது. மேய்ச்சல்காரர்களும் மரம் வெட்டும் முதலாளிகளும் நெருக்கியதில் 1911இல் 4,663க்குச் சரிந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, 1949இல் இன்றுள்ள 6,641இல் நின்றது. உச்சத்தில் இருந்ததில் இது 58 விழுக்காடுதான். வெட்டுப்பட்டதில் பெரும்பகுதி மலையடிவாரம். பனிக்காலத்தில் விலங்குகள் இறங்கி வந்து மேயும் தாழ்ந்த நிலம் அது. மிஞ்சியதில் பாறையும் பனியும் அதிகம். பரப்பைக் கூட்டும்போது இந்த வேறுபாடு கண்ணில் படாது. வயிறு காயும் விலங்குக்குத் தெரியும்.

முதலீட்டுப் பக்கத்தில் எவரும் எழுதாத ஒரு வரியும் உண்டு. 1890க்கும் 1920க்கும் இடையில் ஸ்டோனி நக்கோடா பழங்குடியினர் தங்கள் வேட்டை நிலமான இந்தப் பூங்காவிலிருந்து விலக்கப்பட்டார்கள். அதற்கு எந்தத் தொகையும் பேரேட்டில் ஏறவில்லை.

தேய்மானம்: தனித்தீவான காடு

பெரிய காடாக இருந்தால் என்ன, சின்னக் காடுகள் பலவாக இருந்தால் என்ன? இந்தக் கேள்விக்கு எண்ணால் பதில் தேடியவர் அமெரிக்க உயிரியலாளர் வில்லியம் நியூமார்க். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 14 தேசியப் பூங்காக்களின் பழைய பதிவேடுகளை அவர் எடுத்தார். பூங்கா தொடங்கியபோது எந்தப் பாலூட்டிகள் இருந்தன, இப்போது எவை இல்லை என்று ஒப்பிட்டார். 1987இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது. முயல் இனங்கள், ஊனுண்ணிகள், குளம்பு விலங்குகள் ஆகியவற்றில் தொலைந்து போனவற்றின் விழுக்காடு இது:

- பிரைஸ் கேன்யன், 144 சதுர கி.மீ.: 36
- லாசன் எரிமலை, 426 சதுர கி.மீ.: 43
- சயான், 588 சதுர கி.மீ.: 36
- மவுண்ட் ரெய்னியர், 976 சதுர கி.மீ.: 32
- யோசெமிட்டி, 2,083 சதுர கி.மீ.: 25
- செக்கோயா, கிங்ஸ் கேன்யன், 3,389 சதுர கி.மீ.: 23
- கிளேசியர், வாட்டர்ட்டன், 4,627 சதுர கி.மீ.: 7
- எல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், 10,328 சதுர கி.மீ.: 4
- கூட்னி, பான்ஃப், ஜாஸ்பர், யோஹோ, 20,736 சதுர கி.மீ.: 0

மேலிருந்து கீழே வரும்போது பரப்பு 144 மடங்கு ஏறுகிறது, இழப்பு பூஜ்யத்துக்கு இறங்குகிறது. பழைய பதிவேடுகளை எவ்வளவு நம்பலாம் என்று பின்னாளில் ஆய்வாளர்களிடையே விவாதம் எழுந்தது. ஆனாலும் கடைசி மூன்று வரிகளைக் கூர்ந்து பாருங்கள். மூன்றுமே தனிப் பூங்காக்கள் அல்ல, ஒட்டிக் கிடக்கும் கூட்டுகள். கிளேசியர் அமெரிக்காவில், வாட்டர்ட்டன் கனடாவில். நாட்டு எல்லையே நடுவில் ஓடினாலும் 1932 முதல் இரண்டும் ஒரே அமைதிப் பூங்கா.

நியூமார்க் காட்டிய ஒப்புமை கடலும் தீவும். கடல் மட்டம் உயர்ந்து, பெருநிலத்திலிருந்து துண்டுபட்ட தீவில் உயிரினங்கள் ஒவ்வொன்றாகக் குறையும். சாலை, வயல், ஊர் சூழ்ந்த காடும் அப்படித்தான். யாரும் சுடாமலே, வெட்டாமலே தேயும்.

தேய்ந்ததை ஈடுகட்ட என்ன ஆகும் என்பதற்கு எல்லோஸ்டோன் சான்று. அங்கே 1920களிலேயே ஓநாய்களை வேரறுத்துவிட்டார்கள். திரும்ப வரவழைக்க 1995இல் ஆல்பர்ட்டாவிலிருந்து 14, 1996இல் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17, ஆக 31 ஓநாய்களைக் கனடாவில் பிடித்துக் கொண்டுபோனார்கள். நடந்துபோக வழி சரியாக இருந்திருந்தால் இந்த ஏற்றுமதியே தேவைப்பட்டிருக்காது.

பற்று: சாலை எடுத்துக்கொண்டது

நான்கு பூங்காக்கள் கூடினால்தான் இழப்பு பூஜ்யம் என்றால், அந்தக் கூட்டை நடுவில் வெட்டுவது எது? கனடாவின் குறுக்கே ஓடும் டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை. போ ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் பான்ஃபைக் கிழித்துக்கொண்டு யோஹோவுக்குள் நுழைகிறது. பக்கத்திலேயே ரயில் பாதை. ஆண்டுச் சராசரியில் இந்தச் சாலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17,000 வண்டிகள் ஓடுகின்றன. கோடையில் 30,000ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. மோதிச் செத்த மான்கள் அதிகம் என்பதால் இதற்கு ‘இறைச்சி ஆலை’ என்று பட்டப்பெயரே இருந்தது.

மான் செத்தால் மந்தை சீக்கிரம் ஈடுகட்டிவிடும். கரடி விஷயம் வேறு. பான்ஃப் சுற்றுவட்டாரக் கிரிஸ்லி கரடிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2005இல் வந்தது. அதன்படி, ஒரு பெண் கரடி பிழைக்கக்கூடிய குட்டிகளை முதன்முதலில் ஈனும் சராசரி வயது 8.4. ஒரு ஈற்றுக்குச் சராசரி 1.84 குட்டி. இரண்டு ஈற்றுகளுக்கு இடைவெளி 4.4 ஆண்டு. வகுத்தால் ஆண்டுக்கு 0.42 குட்டி. பத்து ஆண்டில் நான்கு; அதில் பெண் இரண்டு. இவ்வளவு மெதுவாகப் பெருகும் கிரிஸ்லிக் கூட்டம் அதுவரை எங்கும் பதிவாகவில்லை.

பான்ஃப் பூங்காவில் உள்ள கிரிஸ்லிகள் மொத்தமே சுமார் 65. ஒரு தாய்க்கரடி வண்டியில் அடிபட்டால், அந்த இடத்தை நிரப்ப இன்னொரு பெண் குட்டி பிறந்து, வளர்ந்து, தாயாகப் பத்தாண்டுக்கும் குறையாமல் ஆகும். இந்தக் கடனுக்கு வட்டி அதிகம்.

வரவு: 44 வழிகள்

சாலையை அகலப்படுத்தும் வேலை 1980களில் தொடங்கியது. கூடவே இருபுறமும் 2.4 மீட்டர் உயர வேலி வந்தது. வேலி மட்டும் போட்டால் மோதல் நிற்கும், ஆனால் காடு இரண்டாகும். ஆகவே வேலியின் இடையிடையே சாலைக்குக் கீழும் மேலும் வழி விட்டார்கள். முப்பது ஆண்டுகளில் கட்டி முடித்தவை:

- வேலியிட்ட சாலை: 82 கி.மீ.
- அடிப்பாலங்கள்: 38
- மேம்பாலங்கள்: 6
- மொத்தக் கடப்புகள்: 44, சராசரியாக 2 கி.மீ.க்கு ஒன்று

முதல் இரண்டு மேம்பாலங்கள் 1997இல் முடிந்தன. ஒவ்வொன்றும் 50 மீட்டர் அகலம். மேலே மண் கொட்டி மரமும் புதரும் நட்டார்கள். ஒன்றின் விலை சுமார் 17.5 லட்சம் கனடிய டாலர். ‘கரடி பாலம் ஏறுமா?’ என்று கேலி பேசியவர்கள் உண்டு. முதலில் கரடி ஏறவும் இல்லை. எல்க் மான்கள் கட்டுமானம் நடக்கும்போதே கடக்கத் தொடங்கிவிட்டன. கிரிஸ்லியும் ஓநாயும் நம்பிக்கை கொள்ள ஐந்தாண்டு வரை எடுத்துக்கொண்டன. மூன்றாம் ஆண்டிலேயே கணக்கை மூடியிருந்தால் திட்டம் தோல்வி என்றே எழுதியிருப்பார்கள்.

1996இல் தொடங்கிய கண்காணிப்பின் வரவுப் பக்கம் இது:

- பதிவான கடப்புகள்: 2 லட்சத்துக்கு மேல்
- பயன்படுத்திய பெரிய பாலூட்டி இனங்கள்: 11
- மொத்த மோதல்களில் குறைவு: 80 விழுக்காட்டுக்கு மேல்
- மான், எல்க் மோதல்களில் குறைவு: 96 விழுக்காடு

இரண்டு லட்சம் என்பது தலைக்கணக்கு அல்ல, காலடிக் கணக்கு. ஒரே மான் நூறு முறை கடந்தால் நூறு. உண்மையான கேள்வி வேறு: கடந்து போன கரடி அந்தப் பக்கம் குடும்பம் நடத்தியதா? ஆய்வாளர்கள் கடப்புகளில் கம்பி கட்டி, அதில் சிக்கிய கரடி மயிரிலிருந்து மரபணுவைப் படித்தார்கள். பாலங்களைப் பயன்படுத்திய கருங்கரடிகளில் 47 விழுக்காடும், கிரிஸ்லிகளில் 27 விழுக்காடும் குட்டிக்குத் தாயாகவோ தந்தையாகவோ ஆகியிருந்தன. வரவுப் பக்கத்தில் எனக்கு மிகவும் கனமாகத் தெரிவது இந்த இரண்டு எண்கள்தான்.

எந்த விலங்குக்கு எந்த வழி என்பதும் இந்தப் பதிவுகளில் தெளிந்தது. கிரிஸ்லி, ஓநாய், எல்க், மூஸ் மான் ஆகியவற்றுக்கு உயரமும் அகலமுமான திறந்த வழி பிடிக்கும். கருங்கரடிக்கும் கூகர் என்ற மலைச்சிங்கத்துக்கும் குறுகலான, ஒடுங்கிய வழி போதும். ஒரே அச்சில் 44 பாலம் வார்த்திருந்தால் பாதி இனங்கள் வேலியோரமே நின்றிருக்கும்.

மோதலுக்கு என்ன விலை?

பாலம் கட்டுவது தர்மக் காரியமா, சிக்கனமா? அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த மோதல்களின் செலவை ஆய்வாளர்கள் 2009இல் கணக்கிட்டுத் தந்தார்கள். வண்டிப் பழுது, மருத்துவம், இழுவை, விசாரணை, சடலம் அகற்றுதல், விலங்கின் மதிப்பு எல்லாம் சேர்த்து, 2007ஆம் ஆண்டு அமெரிக்க டாலரில் ஒரு மோதலின் சராசரி விலை:

- மான்: 6,617
- எல்க்: 17,483
- மூஸ்: 30,760

1997இன் பாலம் ஒன்றின் விலையை எல்க் மோதலால் வகுத்தால் 100 வருகிறது. இரண்டு நாட்டு டாலர், பத்தாண்டு விலை இடைவெளி. ஆகவே பைசா சுத்தமாகப் பொருந்தாது. ஆனால் அளவு புரியும். நூறு எல்க் தப்பினால் பாலம் தன் விலையை மீட்டுவிடும்.

பூங்காவுக்குக் கிழக்கே, டெட் மேன்ஸ் ஃபிளாட்ஸ் என்ற இடத்தில் 3 கி.மீ. நீளத்துக்கு அடிப்பாலமும் வேலியும் போட்டார்கள். அங்கே ஆண்டுக்குச் சராசரி 11.8ஆக இருந்த மோதல் 2.5 ஆனது. மோதல் செலவு 1,28,337 டாலரிலிருந்து 17,564க்கு இறங்கியது. மிச்சம் ஆண்டுக்கு 1,10,773 டாலர், 86 விழுக்காடு.

வாராக்கடன்

எல்லாமே வசூலாகவில்லை. பான்ஃபின் கரிபூ மான் மந்தை தேய்ந்து தேய்ந்து ஐந்தில் வந்து நின்றது. 2009இல் ஒரே பனிச்சரிவு ஐந்தையும் விழுங்கியது. ஜாஸ்பரின் மாலீன் மந்தையும் பத்தாண்டுக்குள் அற்றுப்போனது. நியூமார்க்கின் அட்டவணையில் நிமிர்ந்து நின்ற அந்தப் பூஜ்யம் நிரந்தரம் அல்ல என்று இவை காட்டின. 20,000 சதுர கி.மீ. காடு இருந்தும், ஐந்து மான்கள் ஒரே சரிவின் கீழ் நிற்கும் நிலை வந்தால் பரப்பு காப்பாற்றாது. பக்கத்து மந்தையிலிருந்து புதிய உயிர் வந்து சேர வேண்டும், வரவில்லை.

வால்வரின் என்ற ஊனுண்ணி இன்னொரு பாக்கி. நெடுஞ்சாலையின் இருபுறமும் மரபணுவை ஒப்பிட்டதில், ஆண்கள் ஓரளவு கடக்கின்றன, பெண்கள் பெரும்பாலும் கடப்பதில்லை என்று தெரிந்தது. ஒரு இனம் புதிய இடத்தில் வேர்பிடிக்கப் பெண் கடந்தாக வேண்டும்.

பான்ஃப் நகரமும் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் 8,305 பேர். ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பயணிகள். ஊரை ஒட்டிய கேஸ்கேட் வழித்தடத்தில் ஒரு காலத்தில் பயணிகள் பார்க்கப் பைசன்களை அடைத்து வைத்திருந்தார்கள். ஓநாய்க்கு வழிவிட 1997இல் அந்த அடைப்பை எடுத்தார்கள். ஓநாய்கள் திரும்ப நடமாடின. அங்கே செய்தது இடிப்பு வேலைதான், பாலம் எதுவும் கட்டவில்லை. இந்தப் பேரேட்டில் மலிவான இணைப்பு அதுவே.

எல்லைக்கு வெளியே

1991 ஜூனில், பான்ஃபுக்குத் தெற்கே உள்ள மாகாணப் பூங்கா ஒன்றில் ஒரு பெண் ஓநாய்க்குச் செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை மாட்டினார்கள். மழை கொட்டிய நாள் என்பதால் பிரெஞ்சு மொழியில் மழை என்று பொருள்படும் ‘ப்ளூயி’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டே ஆண்டில் அது உலாவிய பரப்பு சுமார் 1,00,000 சதுர கி.மீ. கனடாவின் இரு மாகாணங்கள், அமெரிக்காவின் மலை மாநிலங்கள் எல்லாம் அதற்கு ஒரே காடு. பான்ஃபைப் போல 15 பூங்கா. நம் தமிழ்நாட்டின் பரப்பில் முக்கால் பங்குக்கும் மேல். 1993இல் பட்டையின் மின்கலம் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த ஓட்டையோடு கிடைத்தது. ஓநாய் தப்பியது. 1995 டிசம்பரில் கூட்னி பூங்காவின் எல்லைக்கு வெளியே, துணையோடும் குட்டிகளோடும் சேர்த்துச் சுடப்பட்டது. சட்டப்படி அது குற்றமில்லை.

பூங்கா ஓநாயைக் காத்தது. ஓநாயின் வழியைக் காக்கவில்லை. ப்ளூயி உயிரோடு இருந்தபோதே, அது உலாவிய பரப்பைப் பார்த்தவர்கள்தாம் எல்லோஸ்டோனிலிருந்து யூக்கான் வரை ஒரே நிலத்தோற்றமாகக் காக்க வேண்டும் என்ற யோசனையை 1993இல் முன்வைத்தார்கள். நீளம் 3,000 கி.மீ.க்கு மேல், பரப்பு 13 லட்சம் சதுர கி.மீ. நமது நான்கு பூங்காக்கள் அதில் ஒன்றரை விழுக்காடுதான். மீதியில் பழங்குடி நிலம், பண்ணை, மாகாணக் காடு, சுரங்கம், ஊர் எல்லாம் உண்டு. அத்தனையும் பூங்காவாக வேண்டியதில்லை, நடக்க விட்டால் போதும்.

சட்டமும் பின்னால் வந்தது. 2000ஆம் ஆண்டின் கனடா தேசியப் பூங்காச் சட்டம், பூங்கா நிர்வாகத்தில் சூழலியல் முழுமையைக் காப்பதும் மீட்பதுமே முதல் முன்னுரிமை என்று எழுதிவைத்தது. மண்ணுக்குரிய உயிர்கள் தக்க எண்ணிக்கையில் இருக்க வேண்டும், நெருப்பு, வெள்ளம், விலங்கு விலங்கை வேட்டையாடுதல் போன்ற இயற்கை ஓட்டங்கள் அறுபடாமல் நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் சட்டத்தின் கை பூங்காவின் எல்லைக்கல்லோடு நின்றுவிடும். முன்பு சொன்ன பைசன்கள் 2018 ஜூலையில் 1,200 சதுர கி.மீ. நிலத்தில் அவிழ்த்துவிடப்பட்டன. சில வாரங்களில் எல்லை தாண்டிய காளைகளில் ஒன்றைப் பூங்காத் துறையே கொல்ல வேண்டியதாயிற்று. மற்றவை பெருகி நூறைத் தாண்டிவிட்டன.

ஐந்தொகை

பக்கத்தை மூடும் முன் இரண்டு விலைகளை அருகருகே வைக்கிறேன். பூங்காவுக்குள் 1997இல் ஒரு மேம்பாலம்: 17.5 லட்சம் டாலர். அதே நெடுஞ்சாலையில், பூங்காவுக்கு வெளியே ஆல்பர்ட்டா மாகாண அரசு 2022இல் தொடங்கிய முதல் விலங்கு மேம்பாலம், வேலி வேலைகளோடு சேர்த்து: சுமார் 1.75 கோடி டாலர். விலைவாசி ஏறியதைக் கழித்தாலும், வேலியைக் கழித்தாலும், கால் நூற்றாண்டுத் தாமதத்துக்குப் பெரிய தொகை மிஞ்சும்.

என் தீர்ப்பு இதுதான்: காட்டின் பரப்பை மட்டும் எழுதும் கணக்கு பாதிக் கணக்கு. காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே எத்தனை வழி திறந்திருக்கிறது, அதில் பெண் விலங்கு நடக்கிறதா என்ற இரண்டு வரிகளும் சேர்ந்தால்தான் ஐந்தொகை நேராகும். 82 கி.மீ. சாலையில் 44 வழி விட்டதால் மோதல் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது, கரடிகள் இருபுறமும் குட்டி ஈன்றன. வழி இல்லாத இடத்தில் 16 பைசனுக்கு ஹெலிகாப்டர் தேவைப்பட்டது.